கட்டுமரமும் பாரும்: கடற்சொற்களின் சரித்திரம்

ஒரு மொழியின் சொற்களை ஆராய்வது அச்சொற்களை ஆக்கிய மக்களின் உழைப்பை ஆராய்வதேயாகும். எத்தொழிலால் ஒரு சமுதாயம் உயிர்வாழ்கின்றதோ அத்தொழிற் சொற்களே அதன் மொழியில் நுணுக்கம் பெறுகின்றன. சங்கப் புலவர்கள் கலங்களைத் திமில், அம்பி, பஃறி, வங்கம் எனப் பிரித்துப் பெயரிட்டு வழங்கினர். இப்பெயர்களை அவர்கள் தம் கற்பனையினின்றும் படைத்தாரல்லர். மரம் குடைந்தவனும், அலை கடந்து வலை வீசியவனும், உப்பேற்றிச் சென்றவனும் வழங்கியவற்றையே ஏட்டிலேற்றினர். ஆயினும், நமது இலக்கிய வரலாறுகள் புலவனை நினைவுகூருமளவுக்குப் பரதவனை நினைவுகூர்வதில்லை.

கடற்சொற்களின் சரித்திரம் தூய்மைவாதிகளுக்கு உவப்பானதன்று. ‘மாலுமி’ என்னும் சொல், இந்து சமுத்திரத்தில் கலஞ்செலுத்திய அராபியர் தம் வழிகாட்டியை அழைத்த ‘முஅல்லிம்’ என்னும் சொல்லின் திரிபாகும். ‘சுக்கான்’ என்பதும் அரபுச் சொல்லே. மறுபுறம், தமிழரின் ‘தெப்பம்’ சிங்கள மீனவரின் வாயில் ‘தெப்பம’ என வழங்குகின்றது. ஒரே காற்றையும் ஒரே அலையையும் எதிர்கொண்ட உழைப்பாளர், ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கிக்கொள்ள என்றும் வெட்கப்பட்டதில்லை. கடலில் வேலி கட்ட முயன்றவர்கள் கரையிலிருந்தவர்களே.

ஆனால் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் சமமானவர்களுக்கிடையே நிகழ்ந்தவையல்ல. ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் கதையைப் பார்ப்போம். சோழமண்டலக் கரையில் மீனவர் இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலேறியதைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் அச்சொல்லைக் குறித்துவைத்தார். மரங்களுக்கிடையே நீர் புகுந்து வெளியேறுவதால் கட்டுமரம் நீர் நிறைந்து அமிழ்வதில்லை. கரையேறியபின் கட்டை அவிழ்த்து உலர்த்தலாம். சென்னையிற் செயற்கைத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆங்கிலேயரின் கடிதங்களைத் தலையில் அணிந்த குல்லாயினுள் நனையாது வைத்து, பேரலைகளைக் கடந்து கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரரே. ஒரு பேரரசின் வணிகம் அவர்களின் துணிவில் தங்கியிருந்தது என்றால் மிகையாகாது.

பின்னர் அச்சொல் வேறு பொருள் பெற்றது. 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷொஃப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் பாய்க்கலத்தைக் கட்டினார். இரட்டை ஓடங்களைப் பசுபிக் தீவினர் நெடுங்காலமாகவே கட்டிவந்தனர். இன்று ‘கட்டமரான்’ என்றதும் உலகோர் நினைப்பது செல்வரின் இரட்டையுடல் உல்லாசப் படகையே. சொல் தமிழ் மீனவனுடையது. வடிவம் பசுபிக் தீவினனுடையது. புகழோ இருவருக்கும் உரியதாயிற்றில்லை.

விஞ்ஞானத் துறையிலும் இதனையொத்த செய்தியொன்றைக் காண்கின்றோம். மன்னார்க் குடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் குளியாளர் ‘பார்’ என்றனர். 1891இன் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறாது வருவாய் அற்றுப்போகவே, காரணம் அறியுமாறு பேராசிரியர் ஹேட்மன் 1902இல் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவருடைய அறிக்கையில் ‘பார்’ என்னும் சொல்லே விஞ்ஞானச் சொல்லாக நின்று பயில்கின்றது. கடலடியின் படத்தை வரைந்தவர் பேராசிரியர். அதன் இடங்களுக்குப் பெயரிட்டவர் குளியாளர்.

பெரியபாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றுவதையும் திடீரென மறைவதையும் கண்ட குளியாளர், அவை ஏனைய பார்களுக்குச் சென்று சேர்வதாக எண்ணி அதனைத் தாய்ப்பார் என்று கருதினர். ஹேட்மன் இக்கருத்தை ஏற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தால் அவை அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன என்றார். அதே ஹேட்மன், நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றியே சிறந்த முத்துகள் விளைகின்றன என்றும் கூறினார். சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மென்தோலின் கலங்கள் இடம்பெயர்வதாலேயே முத்து விளைகின்றது என்னும் இன்றைய விளக்கம் அவர் கருத்துக்கு இடந்தரவில்லை. இருசாராரும் கூர்ந்து நோக்கினர். இருசாராரும் ஓரளவு தவறினர். ஆனால் ஒருவர் தவறு மூடநம்பிக்கையெனப்படுகின்றது. மற்றவர் தவறு கருதுகோளெனப்படுகின்றது. இந்த வேறுபாட்டை விதித்தது அறிவன்று, அதிகாரமே.

அவ்வறிவின் பயன் யாரைச் சேர்ந்தது? அள்ளிய சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ள, மூச்சடக்கி மூழ்கியவருக்கும் உடனுழைத்தோருக்கும் எஞ்சியது ஒரு பங்கே. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டே பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கொம்பனியிடம் அரசு ஒப்படைத்தது. 1907இன் பின் பார்கள் வறண்டன. குத்தகைக் காலம் முடியுமுன்பே கொம்பனி கலைந்தது. பங்குதாரர் இழந்தது முதலை. குளியாளர் இழந்தது பிழைப்பை.

1950களிலும் 1960களிலும் இந்நாட்டில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அது போற்றத்தக்க பணி. எனினும் கலைச்சொல்லாக்கம் நிகண்டோடும் வேற்றுமொழி அகராதியோடும் முடிவடைவதன்று. கலத்தின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும், காற்றை வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்றும் பிரித்தறிந்த மக்கள் நம் கரைகளில் வாழ்கின்றனர். இயந்திரப் படகுகள் வந்தபின் பாய்த்தொழிலோடு அத்தொழிற் சொற்களும் மறைந்து வருகின்றன. கடலடியைத் துடைத்தெடுக்கும் இழுவைமடித் தொழில் 2017இல் இந்நாட்டிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பார் அழிந்தால் மீன் இல்லை என்பதை அச்சட்டத்திற்கு நெடுங்காலம் முன்னரே மீனவர் அறிவர்.

ஆகவே நெய்தற் பாட்டுக்கு உரை சொல்லும் ஆசிரியர்கள் மாணவரைக் கரைக்கும் அழைத்துச் செல்லவேண்டும். அங்கே முதியோரிடம் சொற்களைக் கேட்டு எழுதுவதோடு, அச்சொற்களை ஆக்கியவருக்குப் படகில் எத்தனை பங்கு, வலையில் எத்தனை பங்கு, கடன் எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதவேண்டும். சொல்லை மட்டும் காப்பாற்றி, சொல்லியவனைக் கைவிடும் மொழிப்பற்று நமக்கு வேண்டியதில்லை.