கணம்

'பூதகணம்', 'கணபதி' என்று நாம் வழங்கும் கணம், கூட்டத்தைக் குறிக்கும் வடசொல். எண்ணுதல் என்ற பொருளுடைய வேரைச் சேர்ந்தது. கணிதமும் அதன் கிளைதான். (நொடியைக் குறிக்கும் கணம் வேறு, அது 'க்ஷணம்' திரிந்தது.) பழைய வட இந்தியாவில் இதற்கு அரசியல் பொருளும் உண்டு: ஒரே மன்னன் ஆளாமல், குலத்தலைவர்கள் அவை கூடி முடிவெடுத்த நாடு. இந்திக்காரர்கள் குடியரசைக் 'கணராஜ்ய' என்பது இதனால்தான்.

கங்கைக்கு வடக்கே, வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வஜ்ஜி அப்படியொரு கூட்டமைப்பு. அங்கே 7,707 அரசர்கள் இருந்ததாக ஜாதகக் கதை சொல்கிறது. ஆளும் குலத்தாருக்கே அவையில் இடம். எல்லோருக்குமான மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை.

மகத மன்னன் அஜாதசத்ரு அதை விழுங்க நினைத்து, அமைச்சர் வஸ்ஸகாரரைப் புத்தரிடம் அனுப்பினான். வஜ்ஜிகள் அடிக்கடி ஒற்றுமையாகக் கூடும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்றார் புத்தர். அமைச்சருக்கு அதுவே வழிகாட்டியது. வைசாலிக்குள் புகுந்து, தலைவர்களிடையே கோள்மூட்டிப் பிளந்தார் என்கிறது பௌத்த உரை. மகதப் படை நெருங்கியபோது முரசு முழங்கியும் எவரும் அவைக்கு வரவில்லையாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வஜ்ஜி மகதத்துக்குள் அடங்கியது.