ஒட்டுமரமும் ஒட்டுப்பாலும்

1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னாளில் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் ஊரில் காணாத மரம் அது. மலாய்ச் சொல்லைக் 'கித்தா' ஆக்கிக்கொண்டார்கள். பழகிய இரு சொற்களைச் சேர்த்துப் 'பால்மரம்' என்றும் அழைத்தார்கள்.

இத்தகைய கூட்டுச்சொற்களைத் தனியே பிரித்துப் பார்த்தால் சில வேளை வழுக்கிவிடும். 'ஒட்டு' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'புதுக்காட்டில் ஒட்டுமரம் நட்டார்கள்' என்றால், 'நட்டார்கள்' என்ற வினை வழிகாட்டுகிறது. நல்ல மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்த கன்று அது. 1910-களில் ஜாவா, சுமத்திரா பக்கம் ரப்பருக்கென்று உருவான முறை.

'காலையில் கோட்டிலிருந்து ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டேன்' என்று பாட்டி சொன்னால்? ஒழுகும் பாலை உரிக்க முடியுமா? கூடையில்தான் நிற்குமா? முந்தைய வெட்டில் வடிந்து, பட்டையோடு ஒட்டிக் காய்ந்தது அது. ஒட்டாத மரத்திலும் உண்டு.

பாட்டியின் பேச்சை எழுதும் பேரன் 'ஒட்டுமரத்தின் பால்' என்று குறித்துவிட்டால், கத்தி வைப்பதற்கு முன்பே அவர் செய்த ஒரு வேலை ஏட்டில் இல்லாமற்போகும். அந்த ஒட்டுப்பாலைத் தனியே நிறுத்து, பாலைவிடக் குறைந்த விலைதான் போட்டார்கள்.