குழலில் குத்திய எழுத்து

சியாட்டிலுக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். காலை நடையில் பழக்கமானவர் அடுத்த வீட்டுப் பெரியவர். வயது 84. பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் என்று ஒருநாள் சொன்னேன். தகட்டில் குத்தியிருக்கும் நம்பரைப் பார்த்து அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவோம் என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். "அப்படியானால் வாரும்" என்று உள்ளே அழைத்துப் போனார்.

சுவரிலிருந்து இறக்கி, காலியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, மேஜையில் வைத்தார். வின்செஸ்டர் துப்பாக்கி. விசைக்குக் கீழே இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய தாத்தா 1897-ல் கிளாண்டைக் தங்க வேட்டைக்கு எடுத்துப்போன துப்பாக்கி அது என்பது வீட்டுக் கதை. அந்த வருஷம் ஜூலையில் தங்கத்தோடு கப்பல் சியாட்டில் துறைமுகத்துக்கு வந்ததும், ஊரில் பாதிப்பேர் வேலையை விட்டு வடக்கே ஓடியது சரித்திரம். ஆதாரமாகக் குழலைக் காட்டினார். நியூ ஹேவன், கனெக்டிகட் என்ற முகவரியும், காப்புரிமை ஆகஸ்ட் 21, 1894 என்ற தேதியும் தெளிவாக இருந்தன.

காப்புரிமைத் தேதி பிறந்த தேதி அல்ல. ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்த அந்த மாடலுக்கு உரிமை கிடைத்த நாள் அது. பல வருஷம் கழித்துச் செய்த குழலிலும் அதே தேதியைத்தான் குத்தினார்கள். எங்கள் தொழிற்சாலையிலும் புதிதாகச் சேரும் பையன்கள் டிராயிங்கின் தேதியைப் பார்த்து, பொருளே அன்று செய்தது என்று எழுதிவிடுவார்கள்.

பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிக்கொண்டேன். 'நிக்கல் ஸ்டீல் குழல், புகையில்லா மருந்துக்கென்றே செய்தது' என்று ஒரு வரி. அந்த மாடல் முதலில் பழைய கருமருந்துத் தோட்டாக்களுக்குத்தான் வந்தது. 1895-ல் புகையில்லா மருந்தில் 30-30 தோட்டா வந்தபோது அழுத்தம் கூடியது, அதற்காக நிக்கல் கலந்த உருக்கு. அதுவரை தாத்தா கதைக்கு ஆபத்தில்லை.

அடுத்த எழுத்துதான் இடித்தது. '32 டபிள்யூ.எஸ்.' அதாவது 32 வின்செஸ்டர் ஸ்பெஷல். அந்தத் தோட்டாவே இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் கடைக்கு வந்தது. பக்கத்தில் முட்டை வடிவத்துக்குள் 'டபிள்யூ.பி.' என்ற சிறு முத்திரை. கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம் அது, 1905-லிருந்து குத்தினார்கள். குழலை மட்டும் பிறகு மாற்றியிருப்பார்களோ என்று பார்த்தேன். பின்னால் உள்ள உடல் பகுதியிலும் அதே முத்திரை இருந்தது. இரண்டும் சேர்ந்தே ஆலையை விட்டு வெளியே வந்தவை.

எப்படிச் சொல்வது? எண்பது வருஷமாக நம்பியதை வெளியூர்க்காரன் ஒருவன் கண்ணாடியை வைத்துக்கொண்டு பொய்யென்பதா? பேசாமல் போகலாம் என்றுதான் எழுந்தேன். அலமாரியில் தோட்டாப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. மேலே '30-30' என்று போட்டிருந்தது. பேரன் வரும்போது சுட்டுப் பார்க்க வாங்கியதாம்.

அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? இரண்டு தோட்டாவும் அண்ணன் தம்பி போல இருக்கும். 30-30 அந்தக் குழலுக்குள் போய் உட்காரும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அதன் குண்டு 0.308 அங்குலம், குழல் கேட்பது 0.321. பிடிப்பில்லாமல் குண்டு எங்கே வேண்டுமானாலும் போகும். பித்தளைக் கூடு பிளந்தால் சூடான வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கமே திரும்பக்கூடும். பையனுக்குப் பதினாறு வயது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், 1905 உட்பட.

பெரியவர் கண்ணாடியை வாங்கி அந்தச் சிறு முத்திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "தாத்தா திரும்பி வரும்போது கோட்டைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை என்று அத்தை சொல்லுவாள்" என்றார். கப்பல் கூலிக்குத் துப்பாக்கியையும் விற்றிருப்பார் போலும். வயோமிங்கில் கோடி என்ற ஊரில் (பெயர் நம் கோடியேதான்) உள்ள மியூசியத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, சீரியல் நம்பரை எழுதிக் கேளுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். எழுதினாரா, தெரியாது.

மறுநாளே பெட்டியைக் கடையில் கொடுத்து 32 ஸ்பெஷல் வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பெரியவர் துப்பாக்கியை இறக்கி, தாத்தா கிளாண்டைக் போன கதையைப் பழையபடியே முதலிலிருந்து ஆரம்பித்தார். இடையில் ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.