நலம் காக்கும் ஆறு நெறிகள்

மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை நோயும் மருந்துமே. ஆயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதிலும் ரை நகரிலும் புகாராவிலும் அக்கலையை வளர்த்த பேரறிஞர்கள் அவ்வாறு கருதினாரல்லர். உள்ள நலத்தைக் காப்பது மருத்துவத்தின் ஒரு கடமை. இழந்த நலத்தை மீட்பது மற்றொரு கடமை. இவ்விரண்டையும் இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' எனும் பெருநூலின் தொடக்கத்திலேயே வகுத்துரைக்கிறார். ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலின் முதற்பாகத்தில், நலம் காக்கும் முறைக்கெனத் தனியே ஒரு பெரும்பகுதியையும் ஒதுக்கியுள்ளார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கிற்று. இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அந்நூல் நம் அன்றாட வாழ்வுக்கு என்ன சொல்லிற்று என்று கேட்போர்தாம் நம்மிடையே குறைவு.

இன்றியமையாத ஆறு

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் நூல்களை ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் அரபு மொழிக்குக் கொணர்ந்தனர். அவ்வழியே வந்த கருத்துகளை ஒழுங்குபடுத்தி, நலத்துக்கு அடிப்படையானவை ஆறு என அரபு மருத்துவர்கள் தொகுத்தனர். நம்மைச் சூழ்ந்த காற்று, உணவும் நீரும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனத்தின் கிளர்ச்சியும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறுவதும் தங்குவதும் ஆகியவையே அவ்வாறு. மூச்சுள்ளவரை எவரும் இவற்றினின்று விலகி வாழ இயலாது. ஆதலின், இவற்றை அளவறிந்து கையாள்வதே நலத்துக்கு வழி என்று அவர்கள் கண்டனர். யூனானி ஹகீம்கள் இன்றும் இவ்வாறனையும் பயில்கின்றனர்.

இவற்றுள்ளும் இப்னு ஸீனா முதலிடம் தந்தது உடற்பயிற்சிக்கு, அதனை அடுத்து உணவுக்கு, பின்னர் உறக்கத்துக்கு. மருந்தை அவர் இவ்வரிசையில் வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான், இவ்வாறனையும் அடித்தளமாகக் கொண்டு 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்னும் நூலை யாத்தார். நீண்ட வாதங்களைக் காட்டிலும் பயனையே மக்கள் நாடுவர் என்று கருதி, உணவு, பருவம், பழக்கம் முதலியவற்றின் நன்மை தீமைகளை அட்டவணைகளாகவே அமைத்தார். அவருக்கும் முன்னர், ஒன்பதாம் நூற்றாண்டில், குஸ்தா இப்னு லூக்கா என்னும் மற்றொரு கிறிஸ்தவ மருத்துவர், ஹஜ்ஜுப் பயணம் மேற்கொள்ளும் ஒரு பெரியவருக்கென நலக் குறிப்பேடு ஒன்றை எழுதினார். வழியில் கிடைக்கும் நீரைச் சோதிப்பது எவ்வாறு, கெட்ட நீரைச் சீராக்குவது எவ்வாறு, களைப்பைப் போக்குவது எவ்வாறு என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. சமயம் கடந்து அறிஞர்கள் ஒன்றுகூடி வளர்த்த செல்வம் அம்மருத்துவம்.

அர்-ராஸீ கண்ட உண்மை

உடலுக்கு நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றல் உண்டு என்பதற்கான மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றை அபூபக்ர் அர்-ராஸீயின் நூலில் காண்கிறோம். ரை நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராய் விளங்கிய அவர், பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனிநூல் எழுதினார். பெரியம்மை ஒருமுறை கண்டு பிழைத்தவருக்கு மீண்டும் அது வருதல் அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கு அவர் கூறிய காரணம், பழச்சாறு புளித்துத் தெளிவதுபோல் இளம்பருவத்துக் குருதியும் ஒருமுறை கொதித்து முதிர்ந்துவிடுகிறது என்பது. காரணம் பிழை, கண்ட உண்மை சரி. ஒருமுறை எதிர்கொண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் நம் குருதியில் உண்டு என்று இன்றைய அறிவியல் கூறுகிறது.

இவ்வுண்மையைப் பயன்படுத்தி, அம்மைப்பாலை ஊசியால் உடலில் ஏற்றி, இலேசான நோயை வரவழைத்துக் கடும்நோயைத் தடுக்கும் வழக்கம் உதுமானியத் துருக்கியிலும் இந்தியாவிலும் நிலவிற்று. அங்கு வந்திருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வார்ட்லி மாண்டேகு 1718இல் தம் மகனுக்கு அவ்வாறு செய்வித்து, அம்முறையை இங்கிலாந்தில் பரப்பினார். 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப்பாலைக் கொண்டு அதனினும் பாதுகாப்பான வழியைக் கண்டார். 1980இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நற்பழக்கங்கள் மட்டும் கொண்டு பெரியம்மையை ஒழித்திருக்க முடியாது என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. தடுப்பூசியை ஐயுறுவோர் அர்-ராஸீயின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது பொருந்தாது.

இன்றைய இல்லங்களில்

முன்னோர் கூறிய அனைத்தும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. நால்வகை நீர்மங்களின் சமநிலையே நலம் என்ற கொள்கையை அறிவியல் கைவிட்டுவிட்டது. எனினும், அவர்கள் வற்புறுத்திய பழக்கங்கள் பல நிலைத்து நிற்கின்றன. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்து, பின் அவர்தம் மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. புகைபிடித்தல் நுரையீரலின் காவலைக் குலைக்கிறது. கட்டுப்படாத நீரிழிவு கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலைத் தளரச் செய்கிறது.

2020இல் கொரோனா பரவியபின், எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என விளம்பரம் பெற்ற பொடிகளும் பானங்களும் நம் இல்லங்களில் நுழைந்தன. நள்ளிரவு வரை கைபேசி, அதன்பின் கனத்த உணவு, விடிந்தபின் ஒரு தேக்கரண்டிப் பொடி என நாள்கள் கழிகின்றன. உறக்கமும் உழைப்பும் தரவேண்டியதைப் பொடி தருதல் எங்ஙனம்? எதிர்ப்பாற்றல் என்பது கடையில் வாங்கி ஊற்றி நிரப்பும் எண்ணெய் அன்று. பல்வேறு அணுக்கள் தத்தம் அளவில் இயங்கும் நுட்பமான அமைப்பு. அது மிகைப்படின் தன் உடலையே தாக்கவும் கூடும். அளவு என்று முன்னோர் கூறியதன் அருமை இங்கே விளங்குகிறது.

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இப்னு ஸீனாவின் பெயரைக் கற்பிக்கும்போது அவர்தம் வரிசையையும் சேர்த்தே கற்பிப்போம். மாலையில் அரைமணி நேரம் அவர்களுடன் நடப்போம். இரவு உணவை முன்னதாக முடிப்போம். உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்வோம். வீட்டு விளக்குகளை நேரத்தோடு அணைப்போம். தடுப்பூசி அட்டையைத் தவறாது நிரப்புவோம். அம்மேதைகளுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் இதுவே.