180-க்குக் கீழே

ஓசோன் ஓட்டையைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நாசாவின் கணினி அதை முன்பே பார்த்துவிட்டதாம். நம்ப முடியாத எண் என்று அதுவே அழித்தும்விட்டதாம். கேட்கச் சுவையாக இருக்கிறது. நடந்தது வேறு.

1978 அக்டோபரில் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ‘டாம்ஸ்’ என்ற கருவி இருந்தது. பூமியிலிருந்து சிதறித் திரும்பும் சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர்களை அது அளந்தது. சில அலைநீளங்களை ஓசோன் அதிகம் விழுங்கும், சிலவற்றைக் குறைவாக. அந்த வித்தியாசத்திலிருந்து ஓசோனின் அளவைக் கணக்கிடலாம். 300 டாப்சன் அலகு என்பது வழக்கமான அளவு. அவ்வளவையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும்!

180-க்குக் கீழே எண் வந்தால் சந்தேகக் குறி போடும்படி நிரல் எழுதியிருந்தார்கள். குறி போட மட்டுமே, அழிக்க அல்ல.

1984 ஜூலையில், முந்தைய ஆண்டு அக்டோபரின் தரவைப் பார்த்த, டாம்ஸ் தரவைக் கையாண்ட பவன் பார்த்தியாவின் குழுவினர் திகைத்தார்கள். அண்டார்டிகாவின் மேல் இந்தக் குறிகள் மண்டிக் கிடந்தன. கருவியில் கோளாறா? தென் துருவ நிலையத்தின் தரை அளவோடு ஒப்பிட்டார்கள். அது 300 என்றது. தப்பு அந்தத் தரை அளவில்தான் என்பது பிறகே தெரிந்தது. ஆனாலும் அவர்கள் விடவில்லை; 1985 ஆகஸ்டில் பிராக் நகரில் நடக்கவிருந்த மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார்கள்.

அதற்குள் பிரிட்டிஷார் முந்திக்கொண்டார்கள். அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் 1950-களிலிருந்து பழைய டாப்சன் கருவியால் அளந்துவந்தவர்கள் அவர்கள். அக்டோபர் சராசரி 300-லிருந்து 200-க்கு இறங்கியிருந்தது. நாசா எதுவும் சொல்லவில்லையே என்று தயங்கிய ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் இருவருடன் சேர்ந்து 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அண்டார்டிகாவிலுள்ள ஜப்பானின் ஷோவா நிலையத்தில் அளந்த சிகெரு சுபாச்சி 1984-லேயே கிரீஸில் நடந்த கருத்தரங்கில் இதைச் சொல்லியிருந்தார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. வரலாறு அவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

ஹாலியில் இருப்பவருக்குத் தம் தலைக்கு மேலுள்ள ஓசோன்தான் தெரியும். குறைவு ஒரு கண்டத்தின் அளவுக்குப் பரந்திருக்கிறது என்று 1986-இல் ரிச்சர்ட் ஸ்டோலார்ஸ்கியும் சகாக்களும் நிம்பஸ் தரவைக் கொண்டு காட்டினார்கள். குறியிட்ட எண்களை அழிக்காமல் வைத்திருந்ததால்தான், 1979 முதல் ஆண்டுக்காண்டு அந்தப் பள்ளம் ஆழமானதை வரைபடமாகப் போட முடிந்தது.

(தொடரும்)