இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானப் பயணம்

வடகரையில் இருந்து துபாய் போகிறவர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவது உண்டு. அங்கிருந்து துபாய் சுமார் 2,900 கி.மீ. பறக்கும் நேரம் ஏறத்தாழ 4 மணி. இதுவே நீண்ட பயணம் என்று நினைப்பவர்கள், 1943-ல் நமக்குப் பக்கத்தில் இருந்து நடந்த ஒரு விமான சேவையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்தில் என்றால் இலங்கையில். காலி நகருக்கு அருகே கொக்கல என்ற ஏரி இருக்கிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால், வடகரைக்குச் சென்னையை விட இந்த ஏரிதான் பக்கம். இரண்டாம் உலகப் போரில் இங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் கடல் விமானத் தளம் இருந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமான வழி அதோடு அறுந்து போனது. அதை மீண்டும் இணைக்க ஒரே வழி, இந்தியப் பெருங்கடலை எங்கும் இறங்காமல் கடப்பதுதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து கொக்கல வரை சுமார் 5,650 கி.மீ. தூரம்!

குவாண்டாஸ் நிறுவனம் 1943-ல் கேட்டலினா என்ற கடல் விமானங்களைக் கொண்டு இந்தச் சேவையைத் தொடங்கியது. அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. தான். கணக்குப் போட்டால் 28 மணி நேரம் வருகிறது. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் பிடித்தது.

எரிபொருளே விமானத்தின் எடையில் பெரும் பகுதி ஆகிவிட்டதால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம். ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்துவிடாமல் இருக்க ரேடியோவை மௌனமாக வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் இதற்கு "இரட்டைச் சூரிய உதயம்" என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 வரை கேட்டலினாக்கள் 271 முறை கடலைக் கடந்தன. ஒன்று கூட விபத்தில் சிக்கவில்லை. ஆனால் போர் முடிந்ததும், அமெரிக்காவிடம் இருந்து பெற்ற ஒப்பந்தத்தின்படி அந்த விமானங்கள் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ், அதே பெர்த்தில் இருந்து லண்டனுக்கு நேரடி விமானம் விட்டது. தூரம் சுமார் 14,500 கி.மீ., நேரம் ஏறத்தாழ 17 மணி. அன்றைய கொக்கல பயணத்தை விடத் தூரம் இரண்டரை மடங்கு. நேரமோ பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் மாறுவதில்லை. அதைக் கடக்கும் நேரத்தைத்தான் மனிதன் குறைத்துக்கொண்டே வருகிறான். அந்த நேரம் குறைவதற்கு முன்னால், 28 மணி நேரம் இருட்டிலும் மௌனத்திலும் கடலுக்கு மேலே விழித்திருந்து வழிகாட்டியவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.