குணமா, சூழலா? பொஸ்ரன் நகரச் சிறுவர் ஆயிரவரின் கதை

சிறுவனொருவனின் குணத்தைக் கணித்துவிட்டால் அவனது எதிர்காலத்தையும் கணித்துவிடலாம் என்னும் எண்ணம் சாதகக்காரருக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில், ஹாவார்ட் சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலனர் குளூக் தம்பதியர் அதனை விஞ்ஞானமாக்க முயன்றனர். 1950இல் நூலாக வெளிவந்த அவர்களது ஆய்வின் வரலாறு ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிந்திருக்கவேண்டியதொன்றாகும்.

சீர்திருத்தப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டிருந்த 500 சிறுவர்களையும், பொஸ்ரன் நகரின் பொதுப் பாடசாலைகளில் பயின்ற 500 சிறுவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். வயது, அறிவுத்திறன், இனமரபு, வசிக்கும் பகுதி ஆகியவற்றில் ஒருவனுக்கு ஒருவன் இணையாகுமாறு தெரிந்தெடுத்தனர். அனைவரும் வெள்ளையர், பெரும்பாலும் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர். குற்றம் புரிந்தோர் துணிச்சலும் பிடிவாதமும் எதிர்ப்புணர்ச்சியும் மிக்கவர் என்பது முடிவு. உடலமைப்பும் தப்பவில்லை. அவர்களில் ஏறத்தாழ 60 வீதத்தினர் தசைத்திரட்சி மிக்கோராம். மற்றையோரில் 31 வீதத்தினரே அத்தகையர். (திரண்ட தோளுடைய ஏழைச் சிறுவனைக் கண்டு நீதிபதிகள் விரைவில் அஞ்சினரோ என்பதும் கேட்கத்தக்கதே.)

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்து நோக்கவேண்டும். இருசாராரையும் ஒரே வகையான சேரிகளிலிருந்து எடுத்த பின்னர், வறுமை அவர்களிடையே வேறுபாடாகத் தோன்றுவது எங்ஙனம்? ஆய்வின் அமைப்பே வறுமையை வாசலில் நிறுத்திவிட்டது. உள்ளே எஞ்சியவை குணமும் குடும்பமுமே. தந்தையின் கண்டிப்பு, தாயின் மேற்பார்வை, பெற்றோர் அன்பு, குடும்ப ஒற்றுமை ஆகியவற்றை அளந்து, வருங்காலக் குற்றவாளியை முன்கூட்டியே இனங்காணும் அட்டவணையொன்றையும் குளூக் தம்பதியர் வகுத்தனர். 1950களில் நியூ யோர்க் நகரில், முதலாம் வகுப்புச் சிறுவர்மீது அது பரீட்சிக்கப்பட்டது!

அப்பதிவுகள் பின்னர் ஹாவார்ட் நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980களில் அவற்றை மீட்ட ரொபேட் சாம்ப்சன், ஜோன் லோப் என்போர், சீர்திருத்தப் பாடசாலைச் சிறுவர்களின் வாழ்வை 70 வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்து, 2003இல் நூலொன்றை வெளியிட்டனர். சிறுவயது முரட்டுத்தனம் பின்னாளில் நிலையற்ற தொழிலோடும் குடியோடும் தொடர்புற்றமை மெய்யே. எனினும், எவன் நெடுங்காலம் குற்றப்பாதையில் நிற்பான், எவன் விலகுவான் என்பதைச் சிறுவயதுக் குணங்களைக்கொண்டு பிரித்தறிய முடியவில்லை. நிலையான தொழிலும் நல்ல மணவாழ்வும் இராணுவ சேவையும் பலரது வாழ்வைத் திருப்பிவிட்டிருந்தன.

இரண்டாம் உலகப்போரிற் பணிபுரிந்தோருக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் வழங்க 1944இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் மிகுந்த நன்மையடைந்தோர் இந்தச் சீர்திருத்தப் பாடசாலைச் சிறுவர்களே. ஆனால், படையிலிருந்து இழுக்குடன் நீக்கப்பட்டோருக்கு அச்சட்டத்தின் கதவு அடைபட்டிருந்தது. அவ்வாறு நீக்கப்பட்டோர் மிகுந்திருந்ததும் இவர்களிடையேதான்.